அட்டைக்குள் வந்த குடும்பம்: இரண்டாம் உலகப் போர் இந்திய அரசை மாற்றிய விதம்

கேள்வி

ஒரு நிறுவனம் பங்கு வெளியிட்டு மூலதனம் திரட்ட வேண்டுமானால், 1992 வரை மத்திய அரசின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். அந்த அனுமதி முறை 1943 மே மாதத்தில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் பிறந்தது. வீட்டு வாடகையை அரசு நிர்ணயிக்கும் ஏற்பாடு சென்னை மாகாணத்தில் 1941இல் போர்க்கால ஆணையாக வந்தது. அதன் வழிவந்த சட்டம் தமிழ்நாட்டில் 2019 தொடக்கம் வரை நடப்பில் இருந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு 1939 செப்டம்பரிலும் இறக்குமதி உரிமம் 1940இலும் தொடங்கின. இன்றைய சி.பி.ஐ.யின் மூல அமைப்பு 1941இல் உருவானது. போர்த் தளவாடக் கொள்முதலில் பெருகிய லஞ்சத்தை விசாரிப்பதே அதற்கு இடப்பட்ட பணி.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. 1947இல் விடுதலை பெற்ற இந்தியர்கள் கையில் வாங்கியது எந்த அரசை? நிலவரி வசூலித்து, காவல் வைத்து, ரயில் ஓட்டிய பழைய காலனி அரசையா? அல்லது 1939க்கும் 1946க்கும் இடையில் உருமாறிய வேறோர் அரசையா? போர் இந்தியாவின் தொழில் வளத்தைப் பெருக்கியதா, குலைத்ததா என்ற விவாதம் நிறைய நடந்திருக்கிறது. போரின் ஆழமான தடம் உற்பத்தியில் இல்லை, அரசுக்கும் குடும்பத்துக்கும் இடையிலான உறவில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த உறவு மக்கள் கேட்டுப் பெற்றதல்ல. படைக்கும் நகரத்துக்கும் முன்னுரிமை தந்து அவசரத்தில் கட்டப்பட்டது. அப்போது விழுந்த கோணல், கட்டுமானம் மக்களாட்சியின் கைக்கு வந்த பிறகும் நெடுங்காலம் நிமிரவில்லை.

இதுவரை சொல்லப்பட்டவை

போரும் சமூக மாற்றமும் பற்றிய சிந்தனை பெரும்பாலும் பிரிட்டனின் அனுபவத்திலிருந்து எழுந்தது. குண்டுவீச்சும் பங்கீடும் எல்லா வகுப்பினரையும் ஒரே ஆபத்தில் நிறுத்தின, அதனால் அரசு எல்லோருடைய நலனுக்கும் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று என்று ரிச்சர்ட் டிட்மஸ் 1950இல் எழுதினார். 1942இல் வந்த பெவரிட்ஜ் அறிக்கை இந்தப் பார்வைக்கு அடையாளமாகவே ஆகிவிட்டது. 1961இல் ஆலன் பீகாக்கும் ஜாக் வைஸ்மனும் அரசுச் செலவின் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து, போர்க்காலத்தில் ஏறும் செலவும் வரியும் சமாதானம் வந்த பிறகு பழைய மட்டத்துக்குத் திரும்புவதில்லை என்று காட்டினார்கள். நெருக்கடியில் மக்கள் பொறுத்துக்கொண்ட வரி, நெருக்கடி தீர்ந்ததும் வழக்கமாகிவிடுகிறது.

இந்த இரண்டு கருத்துகளையும் இந்தியாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. இந்திவர் காம்தேகர் 2002இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தெளிவாக்கியது. பிரிட்டனில் போர் வகுப்பு வேறுபாட்டைச் சுருக்கியது என்றால், இந்தியாவில் அதை விரித்தது; வசதி படைத்தவர்களிடம் போதுமான வரி வாங்கும் வலிமை அரசுக்கு இல்லாததால் சுமை ஏழைகள் மீது சரிந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். யாஸ்மின் கான், ஸ்ரீநாத் ராகவன் ஆகியோரின் பிற்கால நூல்கள் போரை இந்திய வரலாற்றின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தன. அதுவரை நமது பாடநூல்களில் 1942 என்றால் ஆகஸ்டுப் புரட்சி மட்டுமே. தமிழ்நாட்டு நாட்டுப்புறப் பொருளாதாரத்தை ஆராய்ந்த கிறிஸ்டோபர் பேக்கர், 1930களின் பெருமந்தத்தையும் போரையும் ஒரே தொடராகப் பார்த்தார். தானிய வாணிகத்தில் அரசு இறங்கியதை அவர் அந்தத் தொடரின் விளைவாகவே வைக்கிறார்.

காம்தேகரின் முடிவை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால் அவருடைய சட்டகத்தில் அனைத்திந்திய அரசே முன்னால் நிற்கிறது. ஒரே அரசின் கீழ், ஒரே ஆண்டில், வங்காளத்தில் ஒன்றும் சென்னை மாகாணத்தில் வேறொன்றும் நடந்ததை விளக்க மாகாண அளவிலான பார்வை தேவைப்படுகிறது.

லண்டனில் வரவு, இங்கே செலவு

1939 செப்டம்பர் 3 அன்று வைசிராய் லின்லித்கோ சட்டசபையைக் கேட்காமலே இந்தியா போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். அதை எதிர்த்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னையில் ராஜாஜி அரசும் அக்டோபரில் விலகியது. அதன்பின் 1946 வரை மாகாணத்தை ஆண்டவர்கள் ஆளுநரும் அவருடைய ஆலோசகர்களான ஐ.சி.எஸ். அதிகாரிகளும்தான். போர்க்காலத்தில் சென்னை மாகாண ஆட்சி செய்த மாற்றங்களில் ஒன்றுகூட மாகாணத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் விவாதத்துக்கு வந்ததில்லை.

போரின் செலவை யார் ஏற்பது என்பதற்கு ஒரு நிதி உடன்பாடு செய்யப்பட்டது. இந்தியாவின் வழக்கமான பாதுகாப்புச் செலவும் இந்திய மண்ணைக் காக்கும் செலவும் இந்தியாவைச் சேரும். மற்றதைப் பிரிட்டன் திருப்பித் தரும். கேட்பதற்கு நியாயமாக இருந்த இந்த உடன்பாட்டின் நடைமுறைதான் நாட்டை உலுக்கியது. பிரிட்டன் தர வேண்டிய தொகை லண்டனில் பவுண்டுக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. சிப்பாயின் சம்பளம், அரிசி, துணி, சிமெண்ட், மரம் ஆகியவற்றுக்கோ இங்கே உடனடியாக ரூபாய் தர வேண்டும். ரிசர்வ் வங்கிச் சட்டம், நோட்டுக்கு ஈடாகத் தங்கத்தோடு பவுண்டுப் பத்திரங்களையும் வைத்துக்கொள்ள அனுமதித்தது. நோட்டு அளவுக்கு மீறிப் பெருகாமல் காக்க வைத்த விதி அது. லண்டனில் பவுண்டுப் பத்திரம் சேரச் சேர, அதே விதி இங்கே நோட்டு அச்சடிக்க வழிவிட்டது.

1939இல் சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், போர் முடிந்தபோது 1,200 கோடி ரூபாய் அளவுக்கு உயர்ந்திருந்தது. பொருள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. இருந்த பொருளிலும் பெரும்பங்கு படைக்குப் போனது. மொத்த விலைகள் போருக்கு முன்பிருந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்காயின. இது அரசாங்கக் கணக்கு. கட்டுப்பாட்டு விலைக்குப் பொருள் கிடைக்காமல் கறுப்புச் சந்தைக்குப் போனவர் தந்த விலை அதற்குள் அடங்காது.

நாணயமே தட்டுப்பாடானது. வெள்ளி ரூபாயை மக்கள் பதுக்கத் தொடங்கியதும் 1940இல் அரசு ஒரு ரூபாய் நோட்டை மீண்டும் வெளியிட்டது. ரூபாயில் வெள்ளியின் அளவைப் பாதியாகக் குறைத்தது. 1943இல் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்ட காலணா வந்தது. அந்த ஓட்டைக் காலணாவைப் பிற்காலத்தில் பலர் வேடிக்கைப் பொருளாக நினைவுகூர்ந்தார்கள். அது புழக்கத்துக்கு வந்த ஆண்டில்தான் வங்காளக் கிராமங்கள் பட்டினியில் அழிந்துகொண்டிருந்தன.

1946இல் இந்தியாவின் பவுண்டு இருப்பு சுமார் 130 கோடி பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,730 கோடி ரூபாய். போருக்கு முன் பிரிட்டனுக்குக் கடன்பட்டிருந்த நாடு, அந்தக் கடனையெல்லாம் தீர்த்துவிட்டுப் பிரிட்டனுக்கே கடன் கொடுத்த நாடாகிவிட்டது. இதைச் சாதனையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தச் சேமிப்பு யாருடையது என்று கேட்டால் சாதனை என்ற சொல் பொருந்தாது. வரி போட்டால் வசதி உள்ளவரிடமிருந்தும் ஒரு பங்கு வரும். விலையேற்றத்தால் வரும் சேமிப்பு, விலையேற ஏறக் குறைவாக உண்டவர்களின் வயிற்றிலிருந்து வருகிறது. உத்சா பட்நாயக் இந்த இடத்தைத்தான் அழுத்திச் சொல்கிறார்: மக்களின் நுகர்வைச் சுருக்கிப் போருக்கு வளம் திரட்டும் வழியாகப் பணவீக்கம் பயன்பட்டது என்பது அவர் வாதம். அது முன்கூட்டியே வகுத்த திட்டமா, செய்துகொண்டே போனதன் விளைவா என்பதில் கருத்து வேறுபடலாம். விளைவைப் பற்றி ஐயமில்லை.

1944இல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் இந்தப் பவுண்டு இருப்பின் ஒரு பகுதியையாவது டாலராக மாற்றித்தர வழி வேண்டும் என்று இந்தியக் குழு வாதாடியது. கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியாரும், ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநரான சி. டி. தேஷ்முக்கும், ஏ. டி. ஷ்ராஃபும் அந்தக் குழுவில் இருந்தார்கள். கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பைப் பிரிட்டன் குறைத்தபோது, மீதியிருந்த இருப்பின் டாலர் மதிப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்தது.

பர்மா அரிசி நின்றபோது

பணம் இப்படிப் பெருகிக்கொண்டிருந்தபோதே அரிசி சுருங்கியது. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் வசமானது. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் வந்த பத்து லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பர்மா அரிசி ஒரே வீச்சில் நின்றது. நாட்டின் மொத்த விளைச்சலோடு ஒப்பிட்டால் இது சிறு விகிதம்தான். ஆனால் அந்த அரிசி எங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. திருவிதாங்கூர், கொச்சி, மலபார், பம்பாய், கல்கத்தா போன்ற சில இடங்களின் அன்றாட உணவாக இருந்தது.

தமிழர்களுக்குப் பர்மாவின் வீழ்ச்சி இன்னொரு வகையிலும் பேரிழப்பு. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விளைநிலம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கைக்கு வந்திருந்தது. பெருமந்தத்தில் கடனைத் திருப்பித் தர முடியாத பர்மிய விவசாயிகள் இழந்த நிலம் அது. அந்த வரலாற்றின் கசப்பை மறைக்க வேண்டியதில்லை. போர் அந்த மூலதனத்தைத் துண்டித்தது, 1948க்குப் பிந்தைய பர்மிய நிலச் சட்டங்கள் அதை முடித்துவைத்தன. நிலமோ பணமோ இல்லாத கூலிகள் பட்ட துன்பம் இதைவிடப் பெரிது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர், அசாம் மலைப்பாதைகள் வழியாகவும் நடந்தார்கள். பசியிலும் காலராவிலும் மலேரியாவிலும் வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். வெள்ளையருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனிப் பாதை ஒதுக்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டு, ஆட்சியின் மீது மிச்சமிருந்த நம்பிக்கையையும் உடைத்தது.

1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களில் குண்டு விழுந்ததும் சென்னை நகரம் காலியானது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்குப் போயின. வசதி உள்ளவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். ஆட்சியின் வலிமை குறித்துத் தலைமுறைகளாக ஊறியிருந்த எண்ணம் சில வாரங்களில் கலைந்தது. 1942இன் அரசியலைப் புரிந்துகொள்ள இந்தக் காலியான தெருக்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வங்காளத்தில் நடந்தது இரத்தினச் சுருக்கமாகச் சொல்லித் தீரக்கூடியதல்ல. இந்த வாதத்துக்குத் தேவையான அளவே இங்கே தருகிறேன். ஜப்பானியர் வந்தால் பயன்படக் கூடாது என்று கரையோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளை 1942இல் அரசு பறித்தது. மீனவரும் ஓடக்காரரும் பிழைப்பிழந்தனர். அக்டோபரில் மிட்னாபூரைப் புயல் தாக்கியது. கல்கத்தாவின் போர்த் தொழிற்சாலைகள் நின்றுவிடாதபடி தொழிலாளர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் மலிவு விலையில் தானியம் தரும் ஏற்பாடு நடந்தது. அந்தத் தானியம் கிராமங்களிலிருந்து இழுக்கப்பட்டது. 1943 மார்ச்சில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு 13, 14 ரூபாய்க்கு விற்ற அரிசி, 1943 ஆகஸ்டில் 37 ரூபாயைத் தொட்டது. இறந்தோர் 15 லட்சம் என்றது உட்ஹெட் தலைமையிலான பஞ்ச விசாரணைக் குழு. அமர்த்தியா சென்னின் மதிப்பீடு 30 லட்சத்தை நெருங்குகிறது.

1943இல் வங்காளத்தின் மொத்த அரிசி இருப்பு இவ்வளவு சாவுக்குக் காரணமாகும் அளவுக்குக் குறைந்திருக்கவில்லை, கூலிக்காரர்களும் மீனவர்களும் அதை வாங்கும் உரிமையை இழந்ததே காரணம் என்று 1981இல் சென் நிறுவ முயன்றார். பீட்டர் பௌபிரிக், மார்க் டாகர் போன்றோர் விளைச்சல் குறைவைச் சென் குறைத்து மதிப்பிட்டார் என்று மறுத்தனர். விளைச்சலில் பற்றாக்குறை இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும் ஒன்று விளங்காமல் நிற்கும்: பற்றாக்குறை எல்லோரையும் தாக்கியிருக்க வேண்டும், ஆனால் கல்கத்தாவில் குடியிருந்தவர்கள் பிழைத்தார்கள், அந்நகரின் நடைபாதையில் விழுந்து இறந்தவர்கள் கிராமத்திலிருந்து கஞ்சி தேடி வந்தவர்கள். யாருக்கு முதலில் சோறு என்று ஓர் அரசு வரிசை வகுத்ததன் முடிவு அது. விளைச்சல் விவாதம் எப்படித் தீர்ந்தாலும் அந்த வரிசைக்கான பொறுப்பு அப்படியே நிற்கிறது.

பர்மா அரிசியைச் சென்னை மாகாணமும் இழந்தது. ஆனால் இங்கே மாகாண அரசு 1942இலேயே தானிய வாணிகத்துக்குள் இறங்கியது. உபரி மாவட்டங்களிலிருந்து அரிசி வெளியே போவதைக் கட்டுப்படுத்தி, தஞ்சாவூர், கிருஷ்ணா, கோதாவரிப் படுகைகளில் முகவர்கள் மூலம் கொள்முதல் செய்து, பற்றாக்குறை மாவட்டங்களுக்கு அனுப்பியது. கொள்முதல் பிற்பாடு இன்னும் இறுகியது. அதுவரை நிலத்தையும் தீர்வையையும் மட்டும் எழுதிவந்த கிராம அதிகாரிகள், இப்போது ஒவ்வொரு பட்டாதாரரின் வீட்டிலும் விதைக்கும் உணவுக்கும் போக எத்தனை மூட்டை நெல் மிஞ்சும் என்று கணக்கெழுதத் தொடங்கினார்கள். இந்தக் கணக்கில் வேண்டியவர் தப்பினார், வேண்டாதவர் மாட்டினார் என்பதும் உண்மைதான்.

இதனால் தென்னாட்டில் பட்டினி இல்லை என்று சொல்ல முடியாது. திருவிதாங்கூரில் மரவள்ளிக்கிழங்கே பலருக்கு உணவானது. 1943–44இல் அங்கு நிலவிய பஞ்சத்தையும் சத்துக்குறைவு நோய்களையும் இந்திய ஊழியர் சங்கத்தின் கே. ஜி. சிவசாமி தனி அறிக்கையாகவே பதிவு செய்தார். ஆனாலும் வங்காளத்தின் அளவுக்குச் சாவு நேரவில்லை. தென்னகத்தில் எடுக்கப்பட்ட முன்னேற்பாடுகளை விசாரணைக் குழு பாராட்டும் தொனியிலேயே குறிப்பிட்டது. திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் பங்கீடு கிராமத்தையும் சேர்த்து மக்கள்தொகை முழுவதையும் தழுவியது. பிரிட்டிஷ் இந்தியாவில் நிலை வேறு: தியோடர் கிரெகரி தலைமையிலான உணவுதானியக் கொள்கைக் குழு 1943இல் பங்கீட்டைப் பரிந்துரைத்தபோது, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலிருந்து தொடங்கச் சொன்னது. பம்பாயில் 1943 மே மாதம் தொடங்கியது. கல்கத்தாவுக்குப் பங்கீடு வந்தது 1944 ஜனவரியின் கடைசி நாளில், பஞ்சத்தின் உச்சம் கடந்த பிறகு.

பங்கீட்டு அட்டையின் பொருள் சோற்றளவோடு முடியவில்லை. மக்கள்தொகைக் கணக்கு பத்தாண்டுக்கு ஒருமுறை தலைகளை எண்ணிவிட்டுப் போகும். அட்டையோ ஒரு வீட்டில் யார் யார் உண்கிறார்கள் என்று பெயரெழுதி, வாரந்தோறும் அந்த வீட்டோடு கணக்கு வைத்துக்கொண்டது. அரிசி தீர்ந்தால் கடைக்காரரைத் திட்டிய குடும்பம், இப்போது சர்க்காரைத் திட்டியது. சோற்றுக்கு அரசு பொறுப்பு என்ற எண்ணம் நாட்டின் பொதுப்புத்தியில் வேரூன்றிய இடம் இதுவென்று கருதுகிறேன்.

யாருக்கு ஏற்றம், யாருக்கு இறக்கம்

விலையேற்றம் விவசாயிக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். எந்த விவசாயிக்கு என்பதற்குச் சென்னை மாகாணத்தில் நல்ல சான்று இருக்கிறது. பொருளியல் அறிஞர் பி. வி. நாராயணசாமி நாயுடு அரசுக்காக நடத்திய கிராமக் கடன் ஆய்வு 1946இல் வெளிவந்தது. 1939க்கும் 1945க்கும் இடையில் மாகாணத்தின் மொத்தக் கிராமக் கடன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆனால் வகுப்பு வாரியாகப் பிரித்தால் படம் மாறுகிறது. பெருநிலக்காரர்களின் கடன் வெகுவாகக் குறைந்தது; நிலத்தின் அளவு குறையக் குறைய இந்த நன்மையும் குறைந்தது; நிலமற்ற கூலிகளின் கடன் கூடியிருந்தது. விற்க நெல் வைத்திருந்தவர் பழைய கடனைப் புதிய ரூபாயில் அடைத்தார். நெல் வாங்கி உண்டவர் புதிதாகக் கடன்பட்டார். போர்க்காலப் பொருளாதாரம் முழுவதையும் இந்த ஓர் ஆய்வில் வாசித்துவிடலாம்.

ஆலைகளின் கதை சுருக்கமானது. பம்பாயும் கோவையும் இரவு பகலாக நூற்றன, லாபம் குவிந்தது. புதிய இயந்திரம் வர வேண்டிய லங்காஷயரோ போருக்குத் தளவாடம் செய்துகொண்டிருந்தது. ஆகவே ஆலைகள் பெரும்பாலும் இருந்த கதிர்களையே தேய ஓட்டின. 1942இல் வந்த அமெரிக்கத் தொழில்நுட்பக் குழுவின் பரிந்துரைகள் கிடப்பில் போயின. பெங்களூரில் 1940இல் தொடங்கிய விமானத் தொழிற்சாலை, ஆர்க்காடு இராமசாமி முதலியாரும் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் வடிவமைத்து 1942இல் உருவான அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் ஆகியவை உண்மையான ஆக்கங்கள். போரிட்ட மற்ற நாடுகளின் தொழில் வளர்ச்சியோடு ஒப்பிட்டால் இவை விதிவிலக்குகளே.

கைத்தறி நெசவாளர் நிலை ஆலை முதலாளிக்கு நேர்மாறு. துணிக்குக் கிராக்கி இருந்தும் நூல் இல்லை. 1943 ஜூனில் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு, நூல் பெறும் வழியாகக் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்ந்தன. பல ஊர்களில் நெசவாளர் சங்கத்தில் சேர்ந்ததற்கு முதற்காரணம் கூட்டுறவுக் கொள்கையில் பற்று என்பதைவிட நூல் ஒதுக்கீடு என்பதே பொருத்தம். திரைப்படத்துக்கும் அளவு வந்தது: கச்சாப் பிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு விதித்தது. மணிக்கணக்கில் நீண்ட தமிழ்ப் படங்கள் பாட்டைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது.

படைச் சேர்க்கை சாதி வரலாற்றையும் தொட்டது. சுமார் இரண்டு லட்சம் பேர் இருந்த இந்தியப் படை 25 லட்சத்தை எட்டியது. சுமார் 87,000 பேர் மாண்டார்கள். போர்க்குலம் என்று சிலரைத் தனியே பிரித்த பழைய கொள்கையை வைத்துக்கொண்டு இவ்வளவு ஆளைத் திரட்ட முடியாது. 1920களில் கலைக்கப்பட்ட மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுந்தது. ஒடுக்கப்பட்ட சாதிகளின் இளைஞர்களுக்குச் சீருடையும் மாதச் சம்பளமும் எழுத்தறிவும் கிடைத்தன. 1942இல் வைசிராயின் சபையில் தொழிலாளர் பொறுப்பேற்ற அம்பேத்கர், வேலைவாய்ப்பு அலுவலகம், முத்தரப்புத் தொழிலாளர் மாநாடு ஆகியவற்றை நிலைபெறச் செய்தார். அதே ஆட்சிதான் 1943இல் நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் பெண்கள் இறங்கி வேலை செய்வதற்கிருந்த தடையை நீக்கியது. ஆள் பற்றாக்குறை தீர்ந்ததும் 1946இல் தடை மீண்டும் வந்தது.

அரசு ஊழியருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் விலைவாசியை ஒட்டிப் பஞ்சப்படி வழங்கும் வழக்கமும் இக்காலத்தில்தான் பரவலானது. அந்தப் படி வயலில் நாற்று நட்டவளுக்கு இல்லை. நாட்டின் உழைப்பாளர்கள் விலையேற்றத்திலிருந்து காப்புப் பெற்றவர்கள், பெறாதவர்கள் என்று இரண்டாகப் பிரிந்தார்கள். அந்தப் பிரிவு இன்றும் நம் முன் நிற்கிறது.

தற்காலிகம் என்ற பெயரில்

1946இல் இந்தியப் பாதுகாப்பு விதிகள் காலாவதியானபோது, அவற்றின் கீழிருந்த கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகச் சட்டமாயின. அத்தியாவசியப் பொருள் பற்றிய 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘தற்காலிக அதிகாரங்கள்’ என்ற தொடர் இருந்தது. அதன் இடத்தில் வந்த 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தொடர் இல்லை. மூலதனம், இறக்குமதி, செலாவணி ஆகிய மூன்றுக்கும் 1947இல் சட்டங்கள் வந்தன. சோசலிசத்தின் விளைவு என்று பிற்காலத்தில் ஏசப்பட்ட உரிம ஆட்சியின் எலும்புக்கூடு, சோசலிசத்தில் எந்தப் பற்றும் இல்லாத காலனி அதிகாரிகள் போர் அவசரத்தில் செய்தது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. 1938இலேயே காங்கிரஸ் தேசியத் திட்டக் குழுவை நேருவின் தலைமையில் அமைத்திருந்தது. சோவியத் எடுத்துக்காட்டு கண்முன் இருந்தது. போர் இல்லாவிட்டாலும் விடுதலை பெற்ற இந்தியா திட்டமிடலைத்தான் தேர்ந்திருக்கும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இலக்கு வேறு, கருவி வேறு. 1938இன் திட்டக் குழுவிடம் ஒரு மூட்டை நெல்லை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு நகர்த்தும் அதிகாரியோ, படிவமோ, கிடங்கோ இல்லை. 1946இன் அரசிடம் இவையெல்லாம் இருந்தன. டாட்டா, பிர்லா, ஜான் மத்தாய் உள்ளிட்டோர் 1944இல் வெளியிட்ட பம்பாய்த் திட்டம்கூட 10,000 கோடி ரூபாய் முதலீட்டோடு அரசுக் கட்டுப்பாட்டையும் ஏற்றுக்கொண்டது. தனியார் முதலாளிகளே இப்படி எழுதும் சூழல் போரின் அனுபவம் இல்லாமல் வந்திருக்காது.

பஞ்ச நிவாரண விதித்தொகுப்பு 1880களிலிருந்தே இருந்ததே என்பது இன்னொரு எதிர்வாதம். அது துன்பம் முற்றிய பின் வேலையும் கஞ்சியும் தரும் ஏற்பாடு. 1943இல் வங்காளத்தில் பஞ்சம் என்று அறிவிக்கவே அரசு மறுத்தது. விதித்தொகுப்பு உயிரோடு இருந்தும் பயன்படவில்லை. பங்கீட்டுக்கு அப்படி ஓர் அறிவிப்புத் தேவையில்லை. துன்பம் வருவதற்கு முன்பே அது வீட்டுக்குள் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே கொடிவழியில் வைப்பது சரியல்ல.

கட்டுப்பாடுகளை விடுதலைக்குப் பின் யாரும் கேள்வி கேட்கவில்லை என்று நினைப்பதும் தவறு. 1947 இறுதியில் காந்தி அவற்றைக் கடுமையாக எதிர்த்தார். லஞ்சத்தையும் பொய்யையும் அவை வளர்க்கின்றன என்றார். அரசு தளர்த்தியது, விலை பாய்ந்தது, 1948இல் மீண்டும் கட்டுப்பாடு வந்தது. 1952 ஜூனில் சென்னை முதலமைச்சர் ராஜாஜி அரிசிப் பங்கீட்டை ஒரே அறிவிப்பில் நீக்கினார். மழையும் துணை நின்றதால் அந்த முடிவு பிழைத்தது. ஆனால் பங்கீட்டின் நினைவு மக்களிடம் வேறுவிதமாகத் தங்கியது. அட்டையின் தொல்லையை வெறுத்தவர்களும் அட்டை தந்த உறுதியை மறக்கவில்லை.

இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தது, 1942இன் கொள்முதல் அதிகாரிகள் நெல் தேடிப்போன அதே படுகையில். 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்குப் படி அரிசியை வாக்குறுதியாக வைத்து வென்றது. போர்க்காலத்தில் ஆலோசகர் ஆட்சி மேலிருந்து சுமத்தியதை மக்கள் வாக்குச்சீட்டில் உரிமையாகக் கேட்டார்கள் என்பதே இதன் பொருள். அத்திட்டம் சென்னையிலும் கோவையிலும் மட்டும் தொடங்கியது. நிதிச் சுமை காரணமாக மாநிலம் முழுதும் பரவவில்லை. நகரத்திலிருந்து தொடங்கு என்று 1943இல் வகுத்த வரிசை, கால் நூற்றாண்டு கழித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கையையும் பிடித்து நிறுத்தியது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்து, கிடங்கும் நியாய விலைக் கடையும் ஊர் ஊராகப் பரவிய பிறகே, போர்க்காலத்தில் அட்டைக்கு வெளியே நின்ற நிலமற்ற கூலியின் குடும்பம் மெல்ல மெல்ல அதற்குள் வந்தது.